ஒரு சென்ட் பத்திரிகையும் இரண்டு வீடுகளும்

பவரி என்ற பெயரைக் கேட்டால் நியூயார்க்கின் பழைய ஆட்கள் இன்றைக்கும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஓர் இரவுக்குச் சில காசு வாங்கிக்கொண்டு படுக்க இடம் தந்த மலிவு விடுதிகள், மூலைக்கு மூலை சாராயக் கடைகள், நடைபாதையில் விழுந்து கிடந்த மனிதர்கள். அரை நூற்றாண்டுக்கு முன்வரை அந்தத் தெருவின் அடையாளம் அதுதான். இப்போது அங்கே நியூ மியூசியம் என்ற நவீனக் கலைக்கூடம் நிற்கிறது. பக்கத்தில் ஹோல் ஃபுட்ஸ் கடை. அங்கே ஒரு கட்டுக் கீரையின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகனுக்கு என் திட்டம் பிடிக்கவில்லை. "மாமா, நியூயார்க் வந்துட்டு யாராவது கஞ்சித்தொட்டி பார்க்கப் போவாங்களா?" என்றான். சுதந்திர தேவி சிலைக்கு டிக்கெட் வாங்கித் தருவதாகவும் ஆசை காட்டினான். சிலை எங்கேயும் போய்விடாது என்று சொல்லிவிட்டு எஃப் ரயிலில் ஏறி செகண்ட் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கினேன். ஹூஸ்டன் சாலைக்கு ஒட்டினாற்போல் வடக்கே ஓடுகிறது கிழக்கு முதல் தெரு. அதில் 36ஆம் எண் வீடு புனித சூசையப்பர் இல்லம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், மூன்றாம் தெருவில் 55ஆம் எண், மேரி ஹவுஸ். 'கத்தோலிக் ஒர்க்கர்' என்ற இயக்கத்தின் தாய்வீடுகள் இவை இரண்டும்தான். இதே பெயரில், இதே வழியில் நடக்கும் வீடுகளும் பண்ணைகளும் நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவில், சில வேறு நாடுகளில். ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் கணக்குவழக்கோ மேலதிகாரமோ கிடையாது. தலைமை அலுவலகம் என்று ஒன்றுமே இல்லை.

நான் கத்தோலிக்கன் அல்ல. சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவன், அவ்வளவுதான். எங்கள் பக்கம் கத்தோலிக்கத் தொண்டு என்றாலே கண்முன் வருவது சாமியாரும் சிஸ்டரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எல்லாம் அவர்கள் நடத்துவது. பொதுநிலையினர், அதாவது சாதாரண விசுவாசிகள், ஞாயிறு பூசைக்குப் போவார்கள், காணிக்கை போடுவார்கள், திருவிழாவுக்குத் தேர் இழுப்பார்கள், அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்வார்கள். ஏழைக்குச் சோறு போடுவதும், ஏன் அவன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்டுத் தெருவில் உட்காருவதும் அவர்கள் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. அங்கி போடாத ஆட்கள், ஆயரிடம் அனுமதி கேட்காமல், இந்த இரண்டையும் தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்த்தே செய்துவருகிறார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

காலை நேரம். வாசலில் இருபது முப்பது ஆண்கள். குளிர் அதிகம் இல்லை. ஆனாலும் பலர் இரண்டு கோட்டுப் போட்டிருந்தார்கள். வீடில்லாதவனுக்குக் கோட்டை வைக்க வேறு இடம் ஏது? கதவு திறந்ததும் உள்ளே போய் மேசைகளில் உட்கார்ந்தார்கள். பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, ஜெபம் சொல்லச் சொல்லவும் இல்லை. பவரிப் பக்கத்தில் இது முக்கியம். முதலில் பிரசங்கம், அப்புறம் சாப்பாடு என்று நடத்திய மிஷன்கள் அந்த வட்டாரத்தில் நிறைய இருந்தன. இங்கே சுவரில் சிலுவை இருக்கிறது. அதைப் பார்ப்பதும் பார்க்காததும் வந்தவன் விருப்பம்.

எனக்குக் காரட் நறுக்கும் வேலை கொடுத்தார்கள். அவரை விதை போட்ட கெட்டியான சூப், ரொட்டி, தேநீர், காப்பி. எங்கள் ஊர் அன்னதானப் பந்தியில் இருப்பதுபோல் இங்கேயும் இரண்டாம் முறை கேட்டால் ஊற்றுகிறார்கள். ஆனால் அன்னதானத்தில் இருக்கும் ஒன்று இங்கே இல்லை: உபயதாரர் பெயர்ப் பலகை. ஒரு முதியவர் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, போன வாரத்துச் சூப் இதைவிடத் தேவலை என்றார். நறுக்கிய எனக்குச் சுருக்கென்றது. பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். நன்றி எதிர்பார்க்காத இடத்தில்தான் சாப்பிடுகிறவன் இப்படிக் குறை சொல்ல முடியும் என்று பிறகு தோன்றியது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். மாடியிலேயே தங்குகிறார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும், கைச்செலவுக்குச் சிறு தொகையும். உடுப்பு, நன்கொடையாக வந்து குவியும் துணியிலிருந்து. சூப் வரிசைக்கு வந்து அப்படியே தங்கிப்போனவர்களும் அதே மாடியில் இருக்கிறார்கள். இங்கே பொறுப்பாளர் யார் என்று கேட்டேன். "இன்றைக்குச் சாவிக்கொத்து யார் கையில் இருக்கிறதோ அவர்" என்று பதில் வந்தது.

புனிதமான அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஈரக் கோட்டு வாடையும் வெங்காய வாடையும் கலந்து அடிக்கிறது. நாற்காலி ஒன்றுக்காக இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். கெட்ட வார்த்தைகள் பறந்தன. ஒருவர் நடுவில் போய் நின்று பேசிக்கொண்டே இருந்தார், சண்டை அலுத்து ஓய்ந்தது. போலீசைக் கூப்பிடும் பேச்சே எழவில்லை.

இந்த வீடுகளைத் தொடங்கியவர் டாரதி டே. 1897இல் புரூக்ளினில் பிறந்தவர், பத்திரிகையாளரின் மகள், தானும் பத்திரிகையாளர். இருபது வயதில் சோஷலிஸ்ட் ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்தார். 1917இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை முன் நின்று சிறைக்குப் போனார். கிரீனிச் வில்லேஜின் எழுத்தாளர் கூட்டத்தோடு திரிந்த காலம், ஒரு காதல், ஒரு கருக்கலைப்பு, குலைந்துபோன ஒரு திருமணம் எல்லாம் அவர் வாழ்க்கையில் உண்டு. 1926இல் மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1927 டிசம்பரில் தானும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாத துணைவர் ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாமை அதற்காகப் பிரிந்தார்.

இன்னொருவர் பீட்டர் மோரன். தெற்கு பிரான்சின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கசங்கிய கோட்டு, பை நிறையப் புத்தகம், ஓயாத பேச்சு. 1932 டிசம்பரில் டாரதியின் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பத்திரிகை வேண்டும், வீடற்றவர்களுக்கு விருந்தோம்பல் இல்லங்கள் வேண்டும், சேர்ந்து உழும் பண்ணைகள் வேண்டும் என்றார். பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்ச காலம் அது. 'கத்தோலிக் ஒர்க்கர்' என்ற பெயரிலேயே 57 டாலர் செலவில் 2,500 பிரதிகள் அச்சடித்து, 1933 மே தினத்தன்று யூனியன் சதுக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விற்றார்கள். விலை ஒரு சென்ட். சமையலறை மேசையில் தயாரான பத்திரிகை அது. சர்ச்சின் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று டாரதிக்கு ஆலோசனை சொன்னவர்களில் குருக்களும் இருந்தார்கள். பொதுநிலையினரின் பங்கைப் பற்றி கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் பேசத் தொடங்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

யூனியன் சதுக்கத்துக்குச் சனிக்கிழமை போனேன். உழவர் சந்தை நாள். ஆப்பிளும் பூசணியும் தேனும் குவிந்து கிடக்க, நடுவில் சதுரங்கம் ஆடுகிறவர்கள். 1933இன் அந்தக் கூட்டத்துக்கு ஓர் அடையாளமும் கண்ணில் படவில்லை. சில ஆண்டுகளில் பத்திரிகையின் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது. பிறகு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்தது. கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தளபதி ஃபிராங்கோ பக்கம் நின்றபோது, நாங்கள் எந்தப் பக்கமும் துப்பாக்கி தூக்கமாட்டோம் என்றது பத்திரிகை. இரண்டாம் உலகப் போரிலும் அதையே சொன்னது. பங்குக் கோவில்கள் கட்டுக் கட்டாக வாங்குவதை நிறுத்தின, இயக்கத்து ஆட்களே பிரிந்து போனார்கள், பல வீடுகள் மூடப்பட்டன. ஹிட்லருக்கு எதிரான போரிலும் ஆயுதம் கூடாது என்றது சரியா? எனக்கு இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் ஒரு கொள்கைக்காகத் தன் வாசகர்களில் பெரும்பகுதியை இழக்கத் துணிந்த பத்திரிகை ஆசிரியர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிச்சமாகும். காந்தி கொல்லப்பட்டபோது அவரை அகிம்சைப் புரட்சிக்காரர் என்று போற்றி அஞ்சலி எழுதிய கிறிஸ்தவ ஏடு அது.

கிரீனிச் வில்லேஜில் ஜெபர்சன் மார்க்கெட் நூலகத்தை ஒட்டி வேலி போட்ட தோட்டம் ஒன்று உண்டு. ரோஜாச் செடிகள், மீன் குளம், பெஞ்சில் புத்தகம் படிக்கும் பாட்டிகள். அந்த இடத்தில்தான் பெண்கள் சிறை நின்றது, 1974இல் இடித்துவிட்டார்கள். ஐம்பதுகளில் அணுகுண்டு விழுந்தால் எப்படிப் பதுங்குவது என்று நகரம் முழுக்க ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும். சங்கு ஊதியதும் எல்லோரும் தெருவை விட்டு உள்ளே போய்விட வேண்டும், போகாவிட்டால் கைது. 1955 ஜூன் 15 அன்று டாரதியும் அவர் நண்பர்களும் நகர மன்றப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்கள். அணுகுண்டிலிருந்து பதுங்கித் தப்பலாம் என்பது பொய், அந்தப் பொய்க்கு உடன்படமாட்டோம் என்றார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உட்கார்ந்தார்கள், சிறை போனார்கள். 1957இல் டாரதிக்கு 30 நாள் தண்டனை; அனுபவித்தது இந்தத் தோட்டம் இருக்கும் இடத்தில். ஒரு கைப்பிடி ஆட்களோடு தொடங்கியது, 1961இல் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போக மறுக்கும் அளவுக்குப் பெருகியது. அதன்பின் ஒத்திகையே நின்றுவிட்டது.

இவர்களின் பணக்கதைகள் தனி ரகம். 1956இல், வீட்டில் தீத்தடுப்பு ஏற்பாடு இல்லை என்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் போட்டது. டாரதி கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்ற கசங்கிய உடை மனிதர் ஒருவர் அவர் கையில் ஒரு காசோலையைத் திணித்தார். வரிசையில் நின்ற ஏழை யாரோ இரண்டரை டாலர் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாராம். பிறகு பார்த்தால் முழு 250 டாலர். கொடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்தது. சுரங்க ரயில் பாதைக்காக அவர்களுடைய கிறிஸ்டி தெரு வீட்டை நகராட்சி எடுத்துக்கொண்டது. இழப்பீடு தாமதமாக வந்ததால் அதற்கு வட்டி 3,579 டாலர் 39 சென்ட் சேர்த்துக் கொடுத்தார்கள். 1960இல் டாரதி அந்த வட்டியை மட்டும் திருப்பி அனுப்பினார். பணம் குட்டி போடுவதைத் திருச்சபையின் பழைய போதனை ஏற்கவில்லை, நாங்களும் ஏற்கவில்லை என்று கடிதம் எழுதினார். வீட்டில் அப்போது கடன் இல்லாமல் இல்லை.

அரசிடம் பதிவு செய்த தொண்டு நிறுவனமாக இவர்கள் ஆகவே இல்லை. ஏழைக்குச் சோறு போடுவது ஒவ்வொருவரும் தன் சொந்தச் செலவில் செய்ய வேண்டிய கடமை, அதற்கு அரசின் சான்றிதழ் எதற்கு என்பது வாதம். விளைவு, 1972இல் வருமான வரித்துறை 296,359 டாலர் வரிபாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. செய்தி நாளேடுகளில் வந்து ஊர் சிரித்ததும் துறை பின்வாங்கியது. நம்மூரில் சேவை என்று வாயைத் திறந்தாலே பதிவு எண், வெளிநாட்டு நிதி அனுமதி, ஆண்டறிக்கை, பயனாளிகள் பட்டியல் என்று கோப்பு தடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்கு இது வேறு உலகம். கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 'பயனாளி' என்று எழுதும் கட்டம் இல்லாத இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவன் விருந்தாளியாகிவிடுகிறான் என்பதை அந்தச் சூப் மேசையில் கண்டேன்.

திருச்சபையோடும் உரசல் இருந்தது. 1949இல் கல்வாரிக் கல்லறையின் குழி வெட்டும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி வேறு யாரும் அல்ல, பேராயர் இல்லம். பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் குருமடத்து மாணவர்களைக் கூட்டிவந்து குழி வெட்டவைத்தார். கத்தோலிக் ஒர்க்கர் தொழிலாளர் பக்கம் நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, பத்திரிகைப் பெயரிலிருந்து 'கத்தோலிக்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று பேராயர் இல்லத்திலிருந்து கேட்டார்கள். டாரதி மறுத்தார், மரியாதையாக. விசுவாசக் கோட்பாட்டில் அவர் ஓர் அங்குலம்கூட நகராத பழமைவாதி. தினமும் பூசைக்குப் போகிறவர். இடதுசாரிகளுக்கு அவர் ஜெபமாலை உறுத்தும், வலதுசாரிகளுக்கு அவர் மறியல் உறுத்தும்.

1980 நவம்பர் 29 அன்று மேரி ஹவுஸில் அவர் உயிர் பிரிந்தது. பழைய இசைப்பள்ளிக் கட்டடம் அது. வீடில்லாத பெண்களுக்காக வாங்கியது. அடக்கப் பூசை நடந்தது செகண்ட் அவென்யூவில் இருந்த கிறிஸ்து பிறப்புப் பங்கு ஆலயத்தில். தேடிப் போனால் ஆலயம் இல்லை. 2015இல் நியூயார்க் உயர்மறைமாவட்டம் அதை மூடிவிட்டது, பிறகு இடத்தை விற்றுவிட்டது. டாரதியின் நினைவாலயமாகவோ ஏழைகளுக்கான இடமாகவோ வைத்துக்கொள்ளுங்கள் என்று பங்கு மக்கள் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதே உயர்மறைமாவட்டம்தான் அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு 2000இல் வேலையைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக முத்திரையிட்டு ரோமுக்கு அனுப்பியது. பீடத்தில் ஏற்றுவது சுலபம், மனைக்கட்டை விட்டுக்கொடுப்பது கஷ்டம். கோவில் உள்ள எல்லா ஊருக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுகளுக்குக் கட்டணம் இல்லை. அவற்றில் ஒன்றின் பெயர் 'டாரதி டே'. 2023இல் ஓடத் தொடங்கிய ஆரஞ்சு நிறப் படகு. எனக்கு அது வாய்க்கவில்லை, வேறொன்றில் போனேன். கூட வந்த அக்கா மகனுக்குச் சந்தோஷம்: சுதந்திர தேவி சிலையைக் காசு கொடுக்காமலே பார்த்துவிட்டோம். தீவில் இறங்கி ரயிலேறினால் தென்கோடியில் டாட்டன்வில். டாரதி ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் அங்கே இருக்கிறது. அவர் கடற்கரையில் வைத்திருந்த சிறு குடில் 2001இல் இடிபட்டுப் போனது. கல்லறை, உயிர்த்தெழுதல் கல்லறைத் தோட்டத்தில், தரையோடு பதித்த கல். பெயர், தேதிகள், 'இறைவனுக்கு நன்றி' என்று லத்தீனில் ஒரு வரி. பக்கத்துக் கல்லறைகளில் பிளாஸ்டிக் பூக்கள் இன்னும் அதிகம்.

மேரி ஹவுஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டம் நடக்கிறது, இயக்கத்தில் மோரன் காலத்திலிருந்து வரும் வழக்கம். யாராவது ஒருவர் பேசுவார், பிறகு கேள்விகள், தேநீர். பேராசிரியரும் வருவார், மாடியில் தங்கியிருக்கும் பெண்ணும் வருவார், இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. நான் போன அன்று தலைகள் பெரும்பாலும் நரைத்திருந்தன. இளைஞர்கள் வருகிறார்கள், ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு இருக்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

பேச்சு அணு ஆயுதத்தில் வந்து நின்றது. 2018 ஏப்ரல் 4 இரவு, ஏழு கத்தோலிக்கர்கள் ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே கடற்படைத் தளத்துக்குள் புகுந்து, டிரைடென்ட் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கு எதிராகத் தங்கள் இரத்தத்தையே ஊற்றினார்கள், சுத்தியலால் தட்டினார்கள், பிடிபடும்வரை அங்கேயே நின்றார்கள். டாரதியின் பேத்தி மார்த்தா ஹென்னஸி அதில் ஒருவர். பத்து மாதச் சிறை. சூசையப்பர் இல்லத்தில் நெடுநாள் சூப் ஊற்றிய ஒருவரும் அந்த ஏழு பேரில் இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோது இடிந்தகரை நினைவுக்கு வந்தது. 2011இல் லூர்து மாதா கோவில் பந்தலில் உட்கார்ந்து கூடங்குளம் அணுஉலைக்கு எதிராகப் பட்டினி கிடந்த மீனவப் பெண்களும் பொதுநிலையினர்தான். அவர்களுக்கு டாரதி டேயைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தேசத்துரோக வழக்கு ஆயிரக்கணக்கானவர்கள் மேல் பாய்ந்தபோது, அவர்களைப் பற்றி ஒரு சென்ட் பத்திரிகை ஒன்று நம்மிடம் இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

ஒரு கிண்ணச் சூப்பால் வறுமை போகாது. தொண்ணூறு ஆண்டு ஊற்றியும் வரிசை குறையவில்லை. அந்தத் தெருவில் குறைந்தது ஏழைகள் வாடகைக்கு இருந்த வீடுகள்தான். இந்த இயக்கத்தை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சோறு போடுகிறவன் அரசியல் பேசக் கூடாது, அரசியல் பேசுகிறவன் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை இவர்கள் ஏற்கவில்லை. நம்மிடம் இரண்டு கூட்டமும் தாராளமாக உண்டு. ஒன்று மற்றதன் வாசலை மிதிப்பதில்லை.

பத்திரிகை இன்னும் வருகிறது, விலை இன்னும் ஒரு சென்ட். ஆண்டுச் சந்தா அமெரிக்காவுக்குள் 25 சென்ட், வெளிநாட்டுக்கு 30 சென்ட். ஓர் இதழின் தபால் செலவுக்கே அது காணாது. முகவரி: 36, ஈஸ்ட் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட், நியூயார்க் 10003. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் அவர்களைச் சந்தா கட்டச் சொல்லலாம், கொஞ்சம் கூடுதலாக வைத்தே அனுப்பச் சொல்லலாம். வரிவிலக்குச் சான்றிதழ் மட்டும் கேட்க வேண்டாம். அது அவர்களிடம் இல்லை.